வேட்டு எண்ணியவர்

ஆரம்பாக்கத்துக்கு மேற்கே இப்போது படகு விடுகிற குளம் இருக்கிறதே, அது முன்பு கல்குவாரி. கம்பெனிகளுக்கு லீவு என்றால் கும்மிடிப்பூண்டியே அங்கேதான் கிடக்கிறது. பாறை ஓரத்தில் கம்பி கட்டி, ‘எதிரொலி முனை’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், தங்கள் பெயரைத் தாங்களே கத்திக் கேட்டுவிட்டு வருகிறார்கள். நல்ல கூத்து!

அங்கே விசில் ஊதுகிற வாட்ச்மேன் எபினேசர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் ஊதும் விசில் அவருக்கே கேட்காது. குவாரி வேட்டு காதைத் தின்றுவிட்டது.

குவாரி நடந்த காலத்தில் காது கேட்டது, வேட்டு எண்ணுவதுதான் அவர் வேலை. எத்தனை குழிக்குத் திரி கொளுத்தினார்களோ, அத்தனை வேட்டும் கேட்ட பிறகே கொடி காட்டுவார், ஆட்கள் இறங்குவார்கள். ஒருநாள் எண்ணிக்கை சரியாக வந்தது. கொடி காட்டினார். முதலில் இறங்கியவன் சாம்சன், அவர் மனைவி கிறிஸ்டினாவின் தம்பி. வெடிக்காமல் கிடந்த ஒரு குழி, அவன் கடப்பாரை பட்டதும் வெடித்து அவனைக் கொண்டுபோய்விட்டது.

“கடைசி வேட்ட பாறை திருப்பிக் குடுத்த சத்தத்தையும் சேத்து எண்ணிட்டேன்மே” என்று எபினேசர் அழுதார். முந்தின நாள்தான் வடக்குப் பாறையைச் சுவர்போல வெட்டியிருந்தார்கள். அதுவரை அங்கே எதிரொலி கேட்டதே இல்லை. யார் நம்புவார்கள்? குடித்துவிட்டு எண்ணியிருக்கிறான் என்றது ஊர். கிறிஸ்டினாவும் அதையே நம்பினாள். குவாரியை மூடினார்கள், மழைத்தண்ணீர் நிறைந்தது, அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், புருஷன் முகம் பார்த்துப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள். இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று அவளை மனதுக்குள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

போன மாதம் அவர் சோற்று டப்பாவை மறந்துவிட்டுப் போனார். சர்க்கரை வியாதிக்காரர். வேறு வழியில்லாமல் அவளே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். கம்பி ஓரத்தில் யாரோ ஒரு பையன் “கல்பனா!” என்று கத்தினான். பாறையும் “கல்பனா!” என்றது. கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கிறிஸ்டினா அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் நகரும்வரை காத்திருந்து, “சாம்சா!” என்று கூப்பிட்டாள். பாறையும் கூப்பிட்டது, அவ்வளவு தெளிவாக.

ஓடிப்போய் எபினேசரின் கையைப் பிடித்தாள். “யோவ், நீ பொய் சொல்லலய்யா. நான்தான் நம்பாம பூட்டேன்.”

அவர் அவள் உதட்டையே பார்த்தார். “இன்னா, சோறா? அங்க வெச்சிட்டுப் போ” என்றார்.

“நீ பொய் சொல்லல!” தொண்டை கிழியக் கத்தினாள். பாறை அதையும் ஒருமுறை திருப்பிச் சொன்னது.

எபினேசர் டப்பாவைத் திறந்தார். “இன்னா கொழம்பு?” என்று கேட்டார்.