ஹுனெரோ அரசரைக் கேட்ட கேள்வி

நைல் ஆற்றின் மேற்கே, மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். அந்தப் பக்கம் அரசர்களும் அரசிகளும் உறங்கும் பள்ளத்தாக்கு. அவர்களுக்குக் கல்லறை வெட்டுவதும் சுவருக்குச் சாந்து பூசுவதும் படம் எழுதுவதும்தான் எங்கள் பிழைப்பு. ஊரில் இருப்பது ஒரே தெரு. ஒரு வீட்டில் வெங்காயம் நறுக்கினால் மூன்றாவது வீட்டில் கண் கரிக்கும்.

அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவள் ஹுனெரோ. ஆற்றோரத்தில் எங்கள் துணிகளை வெளுத்துத் தருபவரின் மகள். கல் வெட்டும் நக்த்மின் அவளை விரும்பிக் கட்டிக்கொண்டான். எங்கள் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னடி, முதலைக்குப் பயந்துதானே மலையேறி வந்தே?" என்பார்கள்.

"ஆமாக்கா. இங்கேயும் கடிக்கும்னு யாரும் சொல்லலையே" என்பாள் அவள்.

நான்காம் வருடம் கல்லறைக்குள் பாறை சரிந்து நக்த்மின் போய்விட்டான். பிள்ளை இல்லை. மிச்சமிருந்தது மாமியார் வெர்னுரோ மட்டும். மகன் போன துக்கத்திலேயே அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு வருடம் ஹுனெரோதான் ஊட்டினாள், குளிப்பாட்டினாள், தூக்கி உட்கார வைத்தாள். மூத்த மகன் காஹா நாலு வீடு தள்ளித்தான் இருந்தான். படம் எழுதுகிறவன், நல்ல கைக்காரன். திருவிழாவுக்கு ஒருமுறை வாசலில் வந்து நின்று எட்டிப் பார்ப்பான்.

"அத்தான், அத்தையத் திருப்பிப் படுக்க வைக்க ஒரு கை குடுங்க. முதுகெல்லாம் புண்ணாகுது" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"எனக்கு நீலம் அரைக்கிற வேலை கிடக்கு. அழுக்குல கை வைக்கிறது உங்க வீட்டுக்குப் புதுசா என்ன?" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

வெர்னுரோ இறந்தாள். உடலை உப்பிட்டு உலர்த்தும் நாட்களும் முடிந்தன. சவப்பெட்டிக்கு வழி பண்ணச் சொல்லி ஹுனெரோ காஹாவிடம் மூன்று முறை ஆள் அனுப்பினாள். "பார்க்கலாம்" என்றே பதில் வந்தது. எங்கள் ஊரில் மரம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று எங்களுக்குத்தான் தெரியும். ஹுனெரோ தன் கட்டிலைக் கொடுத்தாள். போதாது என்று தச்சர் சொன்னதும் வீட்டு வாசற்கதவையும் கழற்றிக் கொடுத்துவிட்டாள். பெட்டி தயாரானது. அடக்கத்தன்று காஹா வந்தான், எல்லோரையும் விடச் சத்தமாக அழுதான், விருந்தும் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் வந்து, "வீடு, கழுதை, மலைமேலே இருக்கிற நம்ம குடும்பக் கல்லறை எல்லாம் எங்கம்மாவுது. பெத்த பிள்ளை நான். நீ உங்கப்பா வீட்டுக்குக் கிளம்பு" என்றான்.

"அடக்கம் பண்ணினவங்களுக்குத்தான் உடைமைன்னு ராஜாக்கள் சட்டமே இருக்கு, அத்தான்."

"துணி துவைக்கிறவளுக்கு ராஜா சட்டம் தெரியுமாம்!"

ஊர்ச்சபை இரண்டு தடவை கூடியது. உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் காஹாவுக்கு உறவு. மகன் மகன்தானே என்று இழுத்தார்கள். அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்கள். ஹுனெரோ எழுந்தாள்.

"நீங்க பொறுமையாப் பாருங்க. நான் ராஜாகிட்டயே கேட்டுக்கறேன்."

எங்கள் ஊரை நிறுவிய அரசரைச் சொன்னாள். அவர் இறந்து இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் திருவிழாவில் அவர் சிலையைத் தோளில் சுமந்து வருவோம், பின்னால் அவர் தாய் அரசியின் சிலையும் வரும். வழக்குள்ளவர் எதிரே நின்று கேட்கலாம். ஆமென்றால் அரசர் முன்னால் வருவார், இல்லையென்றால் பின்வாங்குவார். அதற்கு மேல் முறையீடு கிடையாது. அந்த வருடம் அரசரைச் சுமந்த எட்டுப் பேரில் நானும் ஒருவன். எனக்கு முன்னால் நின்றவன் காஹா.

தெரு நிறையக் கூட்டம். மேளச் சத்தத்துக்கு நடுவே ஹுனெரோ வந்து குறுக்கே நின்றாள்.

"ராஜா, கொஞ்சம் நில்லுங்க."

மேளம் நின்றது. "என்னம்மா வேணும்?" என்றார் ஊர்வலத்தை நடத்திவந்த எங்கள் கல்லறை வேலை மேஸ்திரி.

"முதல்ல எங்க அத்தானைத் தோளை எடுக்கச் சொல்லுங்க. வழக்காடுற ஆளே ராஜாவுக்குக் காலா நின்னா, தீர்ப்பு எந்தப் பக்கம் நடக்கும்?"

கூட்டம் சிரித்தது. காஹாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பன்னிரண்டு வருஷமா ராஜாவைத் தூக்குற தோள் இது!"

"உங்கம்மாவை ஒருநாள் தூக்கலையே, அத்தான்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. மேஸ்திரி கை காட்டினார். காஹா விலகினான். அவன் இடத்துக்கு வந்தவனோ அவனுடைய மனைவியின் தம்பி. எல்லோரும் ஹுனெரோவைப் பார்த்தார்கள். "இருக்கட்டும், அவரும் தூக்கட்டும்" என்றாள்.

முதலில் காஹா கேட்டான்: "ராஜா, பெத்தவ வீடு பிள்ளைக்குத்தானே?"

அரசர் முன்னும் வரவில்லை, பின்னும் போகவில்லை. இரண்டு பக்கமும் ஆடினார். எங்கள் தோள்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

பிறகு ஹுனெரோ வந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"ராஜா, நான் வீட்டைக் கேக்க வரலை. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அடக்கம் பண்ணினவங்களுக்கே உடைமைங்கிற உங்க சட்டம் இன்னும் உசுரோட இருக்கா? இல்ல, உங்களோட சேர்த்து அதையும் புதைச்சிட்டாங்களா?"

யார் முதலில் அடி எடுத்து வைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். சத்தியமாக எனக்குத் தெரியாது. தோள்மேல் பாரம் முன்னால் பாய்ந்தது, நாங்கள் அதன் பின்னாலேயே ஓடினோம். காஹாவின் மைத்துனன் எங்களுக்கு முன்னே ஓடினான். ஹுனெரோவின் நெற்றியில் முட்டுகிற தூரத்தில் போய்த்தான் அரசர் நின்றார். அதற்குள் பின்னாலிருந்து ஒரே கூச்சல். யாரும் கேட்காமலே அரசியின் சிலையும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மகன் பக்கத்தில் நின்றது. அப்படி ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பெண்கள் குலவையிட்டார்கள். முதலைக் கிண்டல் பேசியவர்கள் தொண்டைதான் எல்லோரையும் விட ஓங்கி ஒலித்தது. காஹா அங்கேயே, ஆளும் அரசரின் பேரால் சத்தியம் செய்தான்: இந்த வழக்கை மறுபடி எடுத்தால் நூறு அடி வாங்கிக்கொள்கிறேன் என்று. சபையின் எழுத்தர் அதை எழுதிக்கொண்டார்.

ஹுனெரோ தெருவிலேயே உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். குடித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தாள். பள்ளத்தாக்கில் இரண்டு அரசர்களை அடக்கம் செய்தோம். மூன்றாமவருக்குக் கல்லறை தோண்டத் தொடங்கிவிட்டோம். சபை வழக்கை இழுத்தடித்தால், அந்தப் பெண்கள் திருவிழாவுக்கு முந்தின வாரம் அவள் வீட்டுக்குப் போவார்கள். "முதல்ல அழாம உட்காரு. என்ன கேக்கணும்னு யோசிப்போம்" என்பாள். அவள் சொல்லிக்கொடுத்த கேள்விக்கு, என் தோள் அறிய, அரசர் ஒருமுறைகூடப் பின்வாங்கியதில்லை.