குளிக்காமல் ஓடி வந்த அம்மா

தாயில்பட்டி அழகுமீனா சத்தம் போட்டுப் பேசிக் கேட்டவர்கள் குறைவு. சிவகாசியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தமிழ் இலக்கியம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். காலையில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொள்ளாமல் பஸ் ஏற மாட்டாள். கூட்டத்தில் யாராவது அவள் காலை மிதித்தால்கூட அவள்தான் நகர்ந்து நிற்பாள். அப்படிப்பட்ட பிள்ளை, நாலு வரிக் கவிதைக்காக வாத்தியாரிடம் மல்லுக்கு நின்றாள் என்றபோது ஊரில் யாரும் முதலில் நம்பவில்லை.

அந்த வருஷம் அவர்களுக்கு ஒரு தனி நோட்டு உண்டு. பாடத்தில் வரும் ஒவ்வொரு கவிதைக்கும் கதைக்கும், படித்தபோது தனக்கு என்ன பட்டது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். பக்கத்துக்கு ஐந்து மதிப்பெண். பிரபாகரன் சார் திருத்திக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பக்கம் செல்லும். சார் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நல்ல மனுஷர். வகுப்புக்கு ஒருநாள் பிந்தி வந்ததில்லை, ஒரு பிள்ளையை வாடி போடி என்றதில்லை.

கவிதை இதுதான்:

அம்மா ஓடி வந்து அணைத்தாள்.
அவள் கைகளில் மருந்து வாசம்.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை.

கடையில் விற்கிற நோட்ஸில் இதற்கு விளக்கம் போட்டிருந்தது. தாய் நெடுநாள் நோயாளி, அதனால் கையில் மருந்து வாசம். சமைக்கத் தெம்பில்லை, அதனால் அடுப்பு எரியவில்லை. நோய்க்கு முகம் சுளிக்கிறது பிள்ளை. சாரும் வகுப்பில் அதையேதான் சொன்னார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அழகுமீனாவின் பேனா மட்டும் மூடியே கிடந்தது.

வீட்டுக்குப் போய் அவள் இப்படி எழுதினாள்: "இந்த அம்மாவுக்கு நோய் இல்லை. வெடி வேலைக்குப் போய்விட்டு வருகிறாள். எங்கள் ஊரில் வேலை விட்டு வருகிற எந்த அம்மாவும் அப்படியே பிள்ளையைத் தொட மாட்டாள். சேலையிலும் கையிலும் மருந்து ஒட்டியிருக்கும். நேரே கொல்லைக்குப் போய், தலையோடு தண்ணீர் ஊற்றி, சேலை மாற்றிய பிறகுதான் அடுப்புப் பக்கமே போவாள். இந்த அம்மா குளிக்கவில்லை. அதனால்தான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. குளிக்காமல் ஓடி வந்து பிள்ளையை அணைத்திருக்கிறாள் என்றால், அன்றைக்கு வேலையிடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. தப்பி வந்திருக்கிறாள். பிள்ளைக்கு அது தெரியாது."

நோட்டு திரும்பி வந்தபோது பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. ‘கவிதையில் இல்லாதது. திருத்தி எழுதுக.’

பக்கத்து இடத்துக்காரி ரோஷினி எட்டிப் பார்த்தாள். அவள் அப்பாவுக்கு வெடி லேபிள் அச்சடிக்கிற கம்பெனி, இவளிடம் நல்ல சிநேகம். "நோட்ஸ்ல இருக்கத எழுதிட்டுப் போவியா, சும்மா கெடக்காம. அந்தம்மா என்ன ஒனக்குச் சித்தியாடி?" என்றாள்.

அழகுமீனா திருத்தி எழுதினாள். எழுத்தைத்தான் திருத்தினாள், இன்னும் குண்டுகுண்டாக, அடித்தல் இல்லாமல். சொல் ஒன்றுகூட மாறவில்லை. பிள்ளைக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று சார் துறை அறைக்குக் கூப்பிட்டுப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மனசில் பட்டதை எழுதலாம், ஆனால் கவிதை போட்ட வேலியைத் தாண்டக் கூடாது என்றார். இவள் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, சரி சார் என்று வந்தாள். மூன்றாம் முறையும் அதே பக்கம்தான் போனது.

சாருக்கும் பொறுமைக்கு ஒரு அளவு உண்டல்லவா. மறுநாள் வகுப்பிலேயே எழுப்பி நிறுத்தினார்.

"இந்தக் கவிதையில வெடி எங்கம்மா இருக்கு? திரி இருக்கா, பட்டாசு இருக்கா?"

"மருந்து இருக்கு சார்."

"மருந்துன்னா மருந்து. உடம்புக்குச் சாப்பிடறது."

"அத நாங்க மாத்திரைம்போம் சார். இல்லன்னா டானிக்கும்போம், ஊசிம்போம். மருந்துன்னு மொட்டையாச் சொன்னா எங்க பக்கம் அது ஒண்ணுதான்."

பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. வெடி வேலை நடக்கிற விஸ்வநத்தத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் சிரிக்காமல் தலையை ஆட்டினார்கள்.

"எழுதினவர் எந்த ஊர்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா அந்த அம்மா எங்க ஊரு."

சிரிப்பு நின்றுபோனது. சார் நோட்டை விரித்து வைத்து, கடைசியாகக் கேட்கிறேன், மாற்றுவாயா மாட்டாயா என்றார். அழகுமீனா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு என்ன பட்டுச்சுன்னுதான சார் எழுதச் சொன்னீக. பட்டத எழுதிட்டேன். படாதத எப்படி எழுத? முட்டை போடுங்க சார், வாங்கிக்கிடுறேன்."

சார் முட்டைதான் போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார். இந்த முறை குறுக்கே கோடு மட்டும் இழுக்கவில்லை.

ஒரு விஷயத்தை அவள் சாரிடமும் சொல்லவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் சாயங்காலம் அவள் அம்மா வள்ளித்தாய் அப்படித்தான் ஓடி வந்தாள். கையெல்லாம் வெள்ளி வெள்ளியாக மருந்து. கட்டிப்பிடித்தவளை இவள் தள்ளிவிட்டு, "ச்சீ, போம்மா, போய்க் குளி" என்றாள். அம்மா வேலை பார்த்த அறைக்குப் பக்கத்து அறை வெடித்துப் போய்விட்டது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அம்மாவை மாரியாத்தாள் காப்பாற்றிக் கொடுத்திருந்தாள். இதைச் சொல்லியிருந்தால் சார் மனசு இளகி அஞ்சுக்கு அஞ்சு போட்டிருப்பார். இரக்கப்பட்டுக் கொடுக்கிற அந்த அஞ்சு அழகுமீனாவுக்கு வேண்டாம். கவிதையைத் தான் படித்த விதம் சரி என்றால் அதற்குக் கொடுக்கட்டும். இல்லையென்றால் முட்டையே இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் வள்ளித்தாய் வேலை விட்டு வந்து, நேரே கொல்லைக்குப் போய்க் குளித்து, சேலை மாற்றி, அடுப்பைப் பற்றவைத்தாள். உலை வைத்த பிறகு அழகுமீனா பக்கத்தில் உட்கார்ந்து கவிதையையும் தான் எழுதியதையும் வாசித்துக் காட்டினாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் வள்ளித்தாய். கரண்டியைக் கையில் பிடித்தபடியே கடைசிவரை கேட்டாள்.

"இதுக்கா முட்டை போட்டாரு?"

"ஆமா."

"எழுதினத அழிச்சியா?"

"இல்லம்மா."

"அழிக்காத." கரண்டியால் உலையைக் கிளறிவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பிள்ளை மூஞ்சியத் திருப்புனதுல தப்பில்ல. வாசம் அப்படி."

அழகுமீனாவுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பேச்சை மாற்றுகிறவள்போல அடுத்த பாடத்தைப் பிரித்தாள். அது ஒரு சிறுகதை. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் கொலுசு குலுங்க மருந்து அறைக்குள் நடந்து போகிறாள், அறை வெடித்துச் சாகிறாள். படிப்பவர் அழுதே ஆக வேண்டும். அதற்கென்றே எழுதினது போலிருந்தது.

"கொலுசோடவா?" என்றாள் வள்ளித்தாய். "உரசுனாப் பொறி தட்டும்னு வாசல்லயே கழட்டச் சொல்லிருவாகளே. செருப்பையே வெளிய விட்டுட்டு, கோயிலுக்குப் போற மாதிரில்ல போறோம்."

அழகுமீனா நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். ‘இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை’ என்று முதல் வரி எழுதினாள். சாரின் சிவப்பு மைக்கு ஓரத்தில் தாராளமாக இடம் விட்டுத்தான் எழுதினாள்.