திலகவதி பார்த்து வைத்த இடம்

தான் ஓட்டிப் பார்க்காத ரோட்டில் எந்தப் பெண்ணையும் ஓட்ட விடுவதில்லை என்பது திலகவதியின் சட்டம். ஆரணியில் பெண்களுக்கென்று டிரைவிங் ஸ்கூல் தொடங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒருநாளும் அதை மீறியதில்லை. அதற்கு முன்னால் வேறொருவரின் டிரைவிங் ஸ்கூலில் விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்கும் வேலை. கற்றுக்கொள்ள வரும் பெண்கள் நாலாம் நாளே நின்றுவிடுவதைப் பார்த்தாள். பக்கத்து சீட்டில் ஒருத்தர் கத்திக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் கியர் விழும்? தானே லைசென்ஸ் எடுத்தாள். ஒரு பழைய காரில் இரண்டு பக்கமும் பிரேக் பொருத்தினாள். கத்தாமல் சொல்லிக்கொடுத்தாள்.

அவளிடம் கற்றவர்களில் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வண்டி எடுப்பார்கள். சந்தவாசல், திருமலை, ஜவ்வாது மலை என்று சுற்றி முடித்தபின், ராஜஸ்தான் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை வந்தது.

"ஜனவரியில போலாம். மொதல்ல நான் போய் எடம் பாத்துட்டு வரேன்" என்றாள் திலகவதி.

தீபாவளி வேலை ஓய்ந்த நவம்பரில் கிளம்பினாள். கூடவே கணவர் ஜெயவேல். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். விரல் நகமெல்லாம் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டார். "வூட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்பார்.

ஒரு நாளைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்று முடிவு. புளியமர நிழல் கண்டால் நிறுத்தி, ஜெயவேல் சின்ன அடுப்பில் டீ போடுவார். சூரத்தில் அவருக்குத் தெரிந்த ஜரிகை வியாபாரி ஒருவர் இரண்டு நாள் விடவில்லை. வேளைக்கு ஒரு இனிப்பாகப் போட்டுத் திணறடித்துவிட்டார். பதினோராம் நாள் மத்தியானம் பார்மேர் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சங்கீதா இருந்தாள். திலகவதியின் முதல் மாணவி. கணவருக்கு எண்ணெய் வயலில் வேலை. நாலு வருஷமாக இந்த ஊர்தான்.

"இன்னாக்கா, நெஜமாவே வண்டியிலயே வந்துட்டீங்களா?" என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. "இங்க ரோடே புரியல, பயமா கீது."

மறுநாள் காலை மூவருமாக இடம் பார்க்கப் புறப்பட்டார்கள்.

முதலில் போன மணல்மேட்டில் வரிசையாகக் கூடாரங்கள், ஒலிபெருக்கி, ஒட்டகத்தின் மேல் செல்ஃபி. "இதுக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டே தேவலாம்" என்று வண்டியைத் திருப்பினாள். இன்னும் மேற்கே போனபோது ரோட்டை ஒட்டி, கல்லும் முள்ளும் இல்லாத வெளுத்த தரை ஒன்று விரிந்து கிடந்தது. விளிம்பில் மரங்கள்.

"வன்னி மரம்பா இது" என்றார் ஜெயவேல் வியப்போடு.

வண்டியைத் தரையின் நடுவுக்கே கொண்டுபோய் நிறுத்தினாள் திலகவதி. இறங்கி, கார்கள் எங்கே, கூடாரம் எங்கே என்று காலடியால் அளந்தாள். இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள்.

அப்போது ஆடுகளை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருவர் வேகமாக வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பூராராம் என்று பேர். அவர் பேசியதைச் சங்கீதா கேட்டுத் தமிழில் சொன்னாள்: "இந்தத் தரையில பெய்யற மழைதான் ஓடிப்போய் மரத்துக்கு அந்தாண்ட இருக்கற குளத்துல சேருதாம். நாலு ஊருக்குக் குடிக்கற தண்ணி. ஆட்டைக்கூட உள்ள விட மாட்டாங்களாம்." பிறகு மெதுவாக, "கேட்டுப் பாக்கலாமாக்கா? ரெண்டு நாள்தானே?"

"வேணாம்மா. குடிக்கற தண்ணி." திலகவதி அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

வந்த வழியே போனால் தரை இன்னும் கெடும். குறுக்கே மிக அருகில் இருந்த விளிம்பைப் பார்த்து வண்டியை இறக்கினாள். அங்கே மணல். பின்சக்கரம் இரண்டும் அரையடி புதைந்தன.

"டிராக்டர் கெடைக்குமான்னு கேளு" என்றார் ஜெயவேல்.

"டிராக்டர்லாம் எதுக்குங்க? நம்மூரு கமண்டல நதி மணல்லதான நானே ஓட்டிப் பழகுனேன்." சக்கரங்களில் பாதிக் காற்றை இறக்கினாள். சாப்பாட்டுத் தட்டால் மணலைப் பறித்து, வண்டிக்குள் விரித்திருந்த மிதியடிகளை எடுத்துச் சக்கரத்தடியில் செருகினாள். பிறகு சாவியை நீட்டினாள். "சங்கீதா, நீ உக்காரு. சக்கரம் எப்படி சுத்துதுன்னு நான் வெளியே இருந்து பாக்கணும்."

"நானாக்கா?"

"நீதான். செகண்ட்ல எடு. கிளட்ச்சைப் பொறுமையா விடு. ஜல்தி வேணாம்."

முதல் தடவை நின்றுபோனது. இரண்டாம் தடவை நகர்ந்து, திரும்பப் புதைந்தது. திலகவதி குரலை உயர்த்தாமல் மிதியடிகளை மறுபடி செருகினாள். மூன்றாம் தடவை ஜெயவேலும் பூராராமும் தோள்கொடுக்க, வண்டி முனகிக்கொண்டே மணலைத் தாண்டி மேலேறி, அந்தப் பக்கம் கெட்டித் தரையில் நின்றது. சங்கீதா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

பூராராமுக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. அவரே தன் வீட்டுக்குப் பின்னால் ஓர் இடம் காட்டினார். மேல்காற்றை ஒரு மணல்மேடு தடுத்தது. ரோட்டிலிருந்து கெட்டியான பாதை. ஆளுக்கு இரண்டு கம்பு ரொட்டி தன் மனைவி போட்டுத் தருவாள் என்றார். ஜெயவேல் மேட்டில் ஏறி ஒரு கை மணல் அள்ளிப் பார்த்தார். "வெங்காயத் தோல் கலரு. போன மாசந்தான் இதே கலர்ல அம்பது சேலைக்கு நூல் போட்டேன்." திலகவதி அந்தப் பாதையில் மூன்று முறை போய் வந்தாள். மூன்றாம் முறை சங்கீதாவை ஓட்டச் சொன்னாள்.

ஜனவரியில் ஆரணியிலிருந்து மூன்று கார்கள் போயின. பார்மேரில் நாலாவதாகச் சங்கீதா தன் கணவருடைய காரை எடுத்துக்கொண்டு முன்னால் சென்றாள். திலகவதி அந்தக் காரின் பின்சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.