ஏழாம் இலக்கத் துண்டு

நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்துத் துண்டு துண்டாக வெட்டுகிறார் றோசமலர். ஒன்றில் ஏழு என்று எழுதுகிறார், இன்னொன்றில் எட்டு. ஏழு, கணவர் எமிலியானுஸின் சட்டைப்பைக்கு. எட்டு தனக்கு. ஏழரை மணிக்கு இருவரும் மாடியிறங்கி, பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் தங்கள் வீட்டின் கீழே உள்ள மருந்துக்கடை வாசலில், கதவு திறப்பதற்காகக் காத்திருக்கும் கிழவர்களுக்குப் பின்னால் நிற்பார்கள். கிழவர்கள் மருந்துக்கு நிற்கிறார்கள். எமிலியானுஸுக்கு அது குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசல்; ஆண்டு தொண்ணூற்று நாலு.

அந்த நாட்களில் வதிவிட அனுமதிக்காக விடியுமுன்னே போய் நின்றவர்கள், சண்டை வராமலிருக்கத் தாங்களே இலக்கம் எழுதிப் பகிர்ந்துகொள்வார்கள். பலெர்மோவில் யாராவது ஒழுங்காக வரிசையில் நின்றார்கள் என்றால் அது நம்மவர்கள்தான். எமிலியானுஸ் அப்படி நின்றது, ஊரில் விட்டுவந்த புது மனைவியைக் கூப்பிடுவதற்காக. கடந்த மூன்று வருடங்களில் மறதிநோய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த வரிசையை மட்டும் விட்டுவைத்தது.

கூப்பிட்ட மனைவி வந்து முப்பது வருடமாகிறது. எமிலியானுஸுக்குப் பின்னால் எட்டாம் இலக்கத்தோடு நிற்பதும் அந்த மனைவிதான். அதை எமிலியானுஸிடம் யார் சொல்வது? அவருக்கு இவர் வரிசையில் கண்ட ஒரு வயதான அக்கா.

"கட்டின மனுசனைத் தம்பி எண்டு கூப்பிடுறன். மாதாதான் மன்னிக்கோணும்" என்று சிரிப்பார் றோசமலர். முப்பது வருடம் 'இஞ்சேருங்கோ' என்று கூப்பிட்ட வாய் அது.

வரிசையில் எமிலியானுஸ் மனைவியைப் பற்றிக் கதைப்பார். "அவ நேர கதைக்கமாட்டா அக்கா. கடிதத்தில எண்டால் பக்கம் பக்கமா எழுதுவா. வந்தவுடன பல்லரோச் சந்தையில பனெல்லே வாங்கிக் குடுக்கோணும். எங்கட கடலை வடை எண்டு நினைப்பா, பாருங்கோவன்."

றோசமலர் அப்படித்தான் நினைத்தார். வந்திறங்கிய அன்று, கணவர் இரவல் வாங்கி வந்த பெரிய மேலங்கிக்குள் தொலைந்துபோய் நின்றபடி, கடலைமாப் பொரியலைக் கடித்து, "உப்புக் காணாது" என்றார். எமிலியானுஸ் தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். அந்த மேலங்கியின் மணம் இன்னும் றோசமலருக்கு நினைவிருக்கிறது. சில காலைகளில் அந்தப் புதுப்பெண்ணின் மேல் அவருக்குப் பொறாமை வரும். அவளைத்தானே இந்த மனுசன் இன்னும் தேடுகிறார்.

இருபது வருடம் இத்தாலியச் சிஞ்ஞோராக்களைப் பராமரித்தவர் றோசமலர். புத்தி பேதலித்த கிழவிகளுக்கு ஊட்டி, கழுவி, ஒரே கேள்விக்கு நாற்பது தரம் பதில் சொன்னவர். "அப்ப பின்னேரமானால் கதவைச் சாத்திப்போட்டு வந்திடுவன். இப்ப எந்தக் கதவைச் சாத்துறது?" தவக்காலத்தில் ஒருநாள் பொறுமை கெட்டு, கணவரின் இத்தாலியக் கடவுச்சீட்டை மேசையில் எறிந்து, "எல்லாம் கிடைச்சிட்டுது, நான்தான் உங்கட மனுசி" என்று கத்திவிட்டார். எமிலியானுஸ் கள்ளப் பாஸ்போட் என்று நடுங்கி, கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தார். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அதன்பின் றோசமலர் கத்தவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார்.

மிலானோவிலிருக்கும் மகள் அகஸ்ரீனா தகப்பனுக்கு முதியோர் இல்லமொன்றில் இடம் பிடித்துவிட்டாள். "அம்மா, நீங்களும் விழுந்திடுவியள். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ." பிள்ளை சொல்வதில் பிழையில்லை. ஆனால் அங்கே இவருக்கு யார் துண்டு வெட்டிக் கொடுப்பார்கள்? இன்று வெள்ளிக்கிழமை.

மருந்துக்கடைக் கதவு உயர்ந்தது. வழக்கமாக அப்போது றோசமலர், "தம்பி, இண்டைக்கு ஆள் நிறைஞ்சிட்டுதாம், நாளைக்கு வருவம்" என்பார். இன்று வாய் திறக்குமுன் எமிலியானுஸ் திரும்பி அவரது கால்களைப் பார்த்தார். கணுக்கால்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, நீங்கள் என்ர இலக்கத்தைப் பிடியுங்கோ. முன்னுக்குப் போங்கோ."

"உங்கட மனுசி பாத்துக்கொண்டிருப்பா எல்லோ, தம்பி?"

"அவ பொறுப்பா. அவவுக்கு நல்ல பொறுமை."

கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. அகஸ்ரீனாவாகத்தான் இருக்கும். றோசமலர் அதை எடுக்கவில்லை. ஏழாம் துண்டை வாங்கி, எட்டை அவர் கையில் வைத்தார். ஓரடி முன்னால் போய் நின்று, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.