ஆபிதா பீவி கேட்ட மாப்பு

பம்பாய்த் தாராவியில் ஆபிதா பீவியின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. குழாயடியில் குடத்தை முன்னால் நகர்த்தியவள், மாவு மில்லில் கூலி கூட்டிக் கேட்டவன் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். விடிந்ததும் இடியாப்பம் அவித்துத் தோல் ஷாப்பு ஆட்களுக்கு விற்பாள். வேகவில்லை என்று சொல்லும் தைரியம் ஒருவனுக்கும் வந்ததில்லை. ஆனால் வாய் எவ்வளவு பெரிதோ, மூச்சு அவ்வளவு சிறிது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு. வேடிக்கை என்னவென்றால், வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற தோல் நாற்றம் அவளை ஒன்றும் செய்யாது. பீடி, சிகரெட் புகைதான் ஆகாது. பக்கத்தில் யாராவது ஊதினால் போதும், நெஞ்சுக்குள் விசிலடிக்க ஆரம்பித்துவிடும். அதற்காகவே கல்யாணமான புதிதில், தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஹமீது பீடியை விட்டுவிட்டார். அதை அவள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

அறுபத்தேழாம் வருஷம் இருவருக்கும் ஹஜ்ஜுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. புறப்படுமுன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய், செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்பு, அதாவது மாப்பு, கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. ஆபிதாவுக்கு ஒரு வாரம் பிடித்தது. போதாக்குறைக்குப் பள்ளிவாசல் ஆலிம்சா ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்.

"பொதுவா மாப்புன்னு கேட்டாப் பத்தாது, தாயீ. இன்னதுக்குன்னு சொல்லிக் கேக்கணும். இன்னொண்ணு, ஹஜ்ஜுக்குப் போற வழியில யார்கிட்டயும் வாய்ச்சண்டை ஆகாது."

ஆபிதா சொன்னபடியே செய்தாள். முதுகுக்குப் பின்னால் அவள் தங்களை என்னவெல்லாம் ஏசியிருக்கிறாள் என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. கப்பலேறும் அன்று காலையில் ஹமீதும் அவள் முன்னால் வந்து நின்றார்.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதுக்கெல்லாம் மாப்பு செய்யி, ஆபிதா."

"நீங்க என்னத்த செஞ்சிய, மச்சான்?" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கப்பலின் கீழ்த்தட்டில் குடும்பம் குடும்பமாகச் சேலையைக் குறுக்கே கட்டி மறைப்புப் போட்டுக்கொண்டார்கள். ஆபிதாவின் சேலைக்கு அந்தப் பக்கம் குர்லாவில் பட்டறை வைத்திருக்கும் மன்சூர் அலியும் அவர் மனைவி பேகமும். மன்சூர் அலி நல்ல மனுஷர்தான். குமட்டலுக்கு முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் கொடுத்தார், பெட்டியை நகர்த்திக் கொடுத்தார். ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் விரலிடுக்கில் சிகரெட். அலை அடிக்கிறது என்று வட்ட ஜன்னல்களையும் மூடிவிட்டார்கள். புகைக்குச் சேலை ஒரு தடையா? மேலே ஏறி, இறங்கி, நேராக ஆபிதாவின் மூக்குக்கு வந்தது.

மறுநாளே இழுப்பு பிடித்துக்கொண்டது. கப்பல் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, இது கூடிக்கொண்டே போனால் ஜித்தாவில் இறங்கியதும் ஆஸ்பத்திரியில்தான் படுக்கப் போடுவார்கள் என்றார். அரஃபாத் மைதானத்தில் போய் நிற்காவிட்டால் ஹஜ்ஜே கிடையாது. இடியாப்பம் இடியாப்பமாகச் சேர்த்த பயணம், எவனோ ஊதும் புகையில் போய்விடுமா?

தாராவியாக இருந்தால் அந்தச் சிகரெட்டை அணைக்க அவளுக்குத் தண்ணீர் தேவைப்பட்டிருக்காது. இங்கே வாயைத் திறக்க வழியில்லை. புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லப்படாதா, மச்சான்? போதாததுக்கு விடியக்காலையில ஃபஜ்ர் தொழுகை முடிஞ்சதும் பீடி வாடை வேற அடிக்கி."

ஹமீது கிராம்பை மென்றபடி தலையைச் சொறிந்தார். "ஹஜ்ஜுக்குப் போற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்ல? பாப்போம்" என்று சொல்லிவிட்டு, கடல் பார்க்க மேல்தட்டுக்குப் போய்விட்டார். கடலை அவ்வளவு ஆசையாகப் பார்க்கிற மனுஷனை அந்தக் கப்பலில் வேறு யாரும் கண்டதில்லை.

ஆபிதா படுத்துக்கொண்டே மனசுக்குள் மன்சூர் அலியை ஏசினாள். வெளியே விட முடியாத ஏச்சு உள்ளேயே புளித்துப் பொங்கியது. நெஞ்சு ஒரு பக்கம் விசிலடிக்க, ஒரு மத்தியானம் சட்டென்று அவளுக்கு ஆலிம்சா சொன்னது ஞாபகம் வந்தது. எழுந்து முக்காட்டைச் சரிசெய்து, சேலையை விலக்கி, அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"மன்சூர் பாய், உங்ககிட்ட ஒரு மாப்பு கேக்கணும்."

சோறு தின்றுவிட்டு அப்போதுதான் பற்றவைத்திருந்த மன்சூர் அலி பதறிப்போனார். "அரே, நீங்க எனக்கு என்ன செஞ்சிய, லாத்தா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார்.

"வெளிய ஒண்ணும் செய்யல. மனசுக்குள்ள ஏசிட்டேன். இன்னதுக்குன்னு சொல்லிக் கேட்டாத்தான் மாப்பு ஆகும்னு ஆலிம்சா சொல்லியிருக்கார். அதனால சொல்லுதேன், கோவிக்காம கேளுங்க."

குரலில் அத்தனை பணிவு. "இந்தக் கப்பலுக்குப் பொகைக்குழா ஒண்ணு மேல இருக்கையில, இவரு எதுக்குக் கீழ ஒண்ணுன்னு நெனச்சேன். அதுக்கு மாப்பு. தீப்பிடிச்ச வைக்கப்போருக்குக் கூடத் தண்ணி ஊத்த ஆள் வருமே, இவருக்கு யாரும் வரலியேன்னு நெனச்சேன். அதுக்கும் மாப்பு. உங்க மீசைய அடுப்புல காஞ்ச கருவாட்டு வாலுன்னு நெனச்சேன். அது பெரிய தப்பு."

சுற்றியிருந்த சேலைகள் ஒவ்வொன்றாக விலகின. பேகம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆபிதா நிறுத்தவில்லை, மூச்சு வாங்க நின்று நின்று, விடியக்காலைப் பீடி வாடை வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தாள். கடைசியில்தான் காரணத்தைச் சொன்னாள்.

"அரஃபாத்துல போய் நிக்கணும், பாய். அதுக்குள்ள இந்த மூச்சு நின்னுருமோன்னு பயமா இருக்கு. அந்தப் பயத்துல ஏசினதுதான்."

மன்சூர் அலி சிகரெட்டை அணைத்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "நான்தான் லாத்தா உங்ககிட்ட மாப்பு கேக்கணும். இனிமே மேல்தட்டுல போய்க் காத்து அடிக்கிற பக்கமா நின்னுதான் குடிப்பேன்" என்றவர், சற்றுத் தயங்கினார். "ஆனா ஒண்ணு. பீடி வாடைன்னீங்களே, அது நானில்ல. நான் பீடியத் தொட்டதே கிடையாது."

தேநீர்க் கெட்டிலோடு படியில் இறங்கி வந்த ஹமீது அப்படியே நின்றுவிட்டார். ஆபிதா அவரைப் பார்த்தாள். கிராம்பு, கடல், எல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் புரிந்தது.

"விடவே இல்லியா?"

"ஷாப்புல மட்டும்" என்றார் ஹமீது, கெட்டிலைப் பார்த்துக்கொண்டு. "தோல் வாடையில உனக்குத் தெரியாது. இங்க தோலும் இல்லாமப் போச்சு."

"அப்ப அன்னிக்கு மாப்பு கேட்டது?"

"இதுக்குத்தான்."

"இதுக்குன்னு சொல்லலியே, மச்சான்."

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் வீட்டுக்குள் ஒரு நாளும் அந்த வாடை வந்ததில்லை. கொட்டுகிற மழைக்காலத்திலும் அந்த மனுஷன் ஷாப்பிலிருந்து வந்ததும் குளித்து, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் அவள் பக்கத்தில் உட்காருவார். அதை நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கியது.

"மாப்பு செஞ்சேன்" என்றாள். "மிச்சத்த ஹஜ்ஜு முடிஞ்சு பேசிக்கிடுவோம்."

"ஹமீது பாய், நீங்க பேசாம மக்காவுலயே தங்கிருங்க" என்றார் மன்சூர் அலி.

பீடிக்கட்டைக் கடலில் போட ஹமீது மேலே போனார். அன்று உண்மையாகவே கடலைப் பார்த்துவிட்டு வந்தார். ஜித்தாவில் ஆபிதா யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். அரஃபாத்திலும் தன் மூச்சில் தானே நின்று துஆ கேட்டாள்.

ஹஜ்ஜுக்குப் போய்வந்த பிறகு ஆபிதாவின் வாய் அடங்கிவிட்டதாகத் தாராவியில் பேசிக்கொண்டார்கள். குழாயடியில் குடம் நகர்ந்தாலும் சும்மா இருந்தாள். நிஜம் ஹமீது ஒருவருக்குத்தான் தெரியும். தினமும் சோறு தின்று முடித்ததும் அவள் அவருக்கு எதிரே வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பணிவாக உட்காருவாள்.

"மச்சான், இன்னிக்கு உங்களப் பத்தி மனசுக்குள்ள நெனச்சதுக்கெல்லாம் மாப்பு கேக்கணும். ஒண்ணொண்ணாச் சொல்லுதேன்."