மாடில்டா முடிந்து வைத்த அரிசி

"பிடித்துக் கொடுத்தவன் பின்னாலேயே வெட்கமில்லாமல் ஓடினவள்" என்று மாடில்டாவைப் பற்றி இன்னொரு தரம் என் காதுபடச் சொல்லாதீர்கள். பிடித்துக் கொடுத்தவர் ராஃபேல்தான், நிஜம். அவரைத் தேடித்தான் போனாள், அதுவும் நிஜம். இரண்டு நிஜத்தையும் சேர்த்து ஒரு பொய்யைக் கட்டிவிட்டீர்களே, அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி நான். கூட இருந்து பார்த்தவள்.

தோட்டத்துக் கங்காணி, மண்டோர் அம்புரோஸின் மகள் அவள். ஜப்பான்காரன் காலத்தில், வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்ட ஜான்சி ராணிப் படைக்குப் போய், சப் ஆபீசர் ஆனவள். படை தோற்று பர்மாவிலிருந்து திரும்பும்போது காட்டு வழியே நடந்தே வந்தார்கள். பசியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. அதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். கோயில் பூசைக்குப் போனாலும் முந்தானை ஓரத்தில் ஒரு பிடி அரிசியை முடிந்துகொள்வாள். "எதுக்குக்கா?" என்றால், "இருக்கட்டும் நவமணி" என்பாள், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தபிறகு, கம்யூனிஸ்டுகளை அடக்கவென்று மலாயா முழுக்க எமர்ஜென்சி வந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருந்து சண்டை போடுகிறவர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாதென்று, பால் இறக்கப் பால்மரம் வெட்டப் போகிற எங்களை கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அதனால் வேலைக்குப் போகும்போது மட்டும் மாடில்டா முடிச்சை அவிழ்த்து வைத்துவிட்டு வருவாள்.

அந்தக் கிறிஸ்மஸ் லீவுக்கு கோலா சிலாங்கூரில் அவள் அத்தை லில்லியன் வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனாள். அத்தை புருஷன் அங்கே போலீஸ் ஆபீசில் பியூன். அவருடைய சிநேகிதராகச் சாப்பிட வந்தவர்தான் ராஃபேல். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் ஜமேதாராக பர்மாவில் சண்டை போட்டவர். இப்போது தோட்டக் காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சார்ஜன்ட்.

"ரெண்டு பேரும் பட்டாளத்து ஆளுங்க. சண்ட போடாம சாப்புடுங்க லா" என்றாள் அத்தை.

"நீங்க எந்தப் பட்டாளம்?" என்றார் ராஃபேல்.

"உங்களுக்கு எதிர்ப் பட்டாளம்."

"அப்ப உங்கள தொரத்துனது நாங்கதான்."

"தொரத்துனீங்களா? நாங்க ஓடலையே. நடந்துதான் வந்தோம். எட்டிப் பிடிக்க உங்களுக்குத்தான் துப்பில்ல."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார். மீன் குழம்புக் கையோடு அவளும் எழுந்து பதில் சல்யூட் அடித்துவிட்டாள். பிறகுதான் வெட்கப்பட்டாள்.

லீவு முடியும்வரை சாயங்காலமானால் கலங்கரை விளக்கம் இருக்கிற வெளிச்சவீட்டு மலைக்குப் போவார்கள், துணைக்கு நான். கையிலிருந்த கச்சான் கடலையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காதல் பேச்சென்று ஒன்றும் என் காதில் விழவில்லை. எந்த ஆற்றைக் கடந்தீர்கள், கூட வந்தவர்கள் எங்கே விழுந்தார்கள், இதுதான் பேச்சு. ஒருநாள் முந்தானை முடிச்சைக் காட்டி என்னவென்று கேட்டார். சொன்னாள். அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டேதான் மனிதர் மலையிறங்கினார்.

லீவு முடிந்து கொஞ்ச நாளில் அவரை எங்கள் தோட்டத்து கேட்டுக்கே மாற்றினார்கள். ஈஸ்டர் முடிந்ததும் முறையாக வீட்டுக்கு வந்து பெண் கேட்டார்.

அம்புரோஸ் நாற்காலிகூடப் போடவில்லை. "எம்பொண்டாட்டி தாலியக் கழட்டிக் குடுத்தேன்யா அந்தப் படைக்கு. வெள்ளக்காரன் சோத்தத் தின்னுட்டு எம்புள்ளய சுட வந்தவனுக்கா பொண்ணு?"

அன்றிரவெல்லாம் அழுதவள், விடிந்ததும் கட்டிய புடவையோடேயே வேலைக்கு வந்துவிட்டாள். முடிச்சை அவிழ்க்க மறந்துபோனாள்.

கேட்டில் பெண்களைச் சோதிக்கிற காளியம்மாவின் கை முந்தானையில் அப்படியே நின்றது. "சார்ஜன்ட்... அரிசி" என்றாள்.

வரிசையில் சன்னாசி கத்தினான். போன வாரம்தான் ஒரு பொட்டலம் சோற்றுக்காக அவன் மனைவியைக் கொண்டுபோயிருந்தார்கள். "எங்க வீட்டுப் பொம்பளன்னா உள்ள தள்ளுவீங்க. இப்ப என்ன செய்றீங்கன்னு பாப்போம் லா!"

ராஃபேல் அரிசியையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். மாடில்டாதான் பேசினாள். "லோரிய வரச் சொல்லுங்க சார்ஜன்ட். சன்னாசி சம்சாரத்துக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

ராஃபேல் அவளை லோரியில் ஏற்றினார். தானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நீங்கள் சொல்கிற "பிடித்துக் கொடுத்தது" இதுதான்.

அதற்குமேல் போலீஸ் ஆபீசில் நடந்ததை அங்கே பியூனாக இருந்த அத்தை புருஷன் காதால் கேட்டுச் சொன்னார். ராஃபேல் வெள்ளைக்காரப் போலீஸ் துரை முன்னால் விறைத்து நின்று சொன்னாராம்: "பர்மாவுல வழியெல்லாம் செத்துக் கெடந்த எதிராளிங்க மடியில இதே மாதிரி முடிச்சு இருந்திச்சு. அவுத்துப் பாத்தவன் நான். இது பசிக்குப் பயந்து முடிஞ்ச அரிசி, காட்டுல யாருக்கும் குடுக்குறதுக்கு இல்ல. இவங்கள நான் கட்டிக்கப் போறேன். அதையும் எழுதிக்குங்க."

மாடில்டாவை விட்டுவிட்டார்கள். எதிர்ப்படைக்காரிக்குப் பரிந்து பேசியவர் கேட்டில் நிற்கக்கூடாதென்று அவர் சட்டையிலிருந்த பட்டையைப் பிய்த்து வேலையைவிட்டு அனுப்பினார்கள். கோலா சிலாங்கூரிலேயே தங்கி, மீன் படகுகளுக்கு ஐஸ் தூக்கப் போனார்.

சன்னாசி சம்சாரம் உள்ளே இருக்க இவள் மட்டும் வெளியே வந்துவிட்டாளென்று லயத்தில் அவளோடு யாரும் பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். மாடில்டா முடிச்சை அவிழ்த்து அரிசியை வீட்டுப் பானையிலேயே கொட்டினாள். இரும்புப் பெட்டியைத் தூக்கினாள். அம்புரோஸ் நிலைப்படியில் உட்கார்ந்து குறுக்கே காலை நீட்டினார்.

"என்னைச் சண்டைக்கு அனுப்புறப்ப இதே வாசல்லதான்பா மால போட்டீங்க. செத்தாலும் செத்துருவேன்னு தெரிஞ்சுதானே அனுப்புனீங்க? இப்ப வாழப் போறேன், விட மாட்டீங்களா?"

"அவன் எதிரிடீ."

"ஆமாப்பா. எதிரிதான் எனக்காக வந்து சாட்சி சொன்னாரு. நம்மாளுங்க யாரு வந்தீங்க?"

 மாடில்டா அவர் காலைத் தாண்டவுமில்லை, பெட்டியைக் கீழே வைக்கவுமில்லை. நின்றாள். கடைசியில் அம்புரோஸ் காலை மடக்கிக்கொண்டார்.

பட்டப்பகலில், லயம் முழுக்க வாசலில் நின்று பார்க்க, மாடில்டா வெளியே இறங்கினாள். ஓடவில்லை. நடந்துதான் போனாள்.