அம்மாவின் வழக்கு வென்ற நாள்

பிள்ளைகளே, அம்மாவின் வழக்கு வென்ற அன்று வீட்டில் ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்று பெரியவர்களான பின் யோசிப்பீர்கள். நான் அதிகம் படித்தவன் அல்ல. எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

காணாமல் போன தன் தம்பியைப் பற்றி விசாரிக்க ஆட்கள் அடிக்கடி வீட்டுக்கு வந்ததால்தான் அம்மா வெளிநாடு போனார். அங்கே தஞ்சம் கேட்டார். அதை மறுத்து, நாட்டை விட்டு அனுப்பும்படி உத்தரவு போட்டார்கள். அந்த உத்தரவு சரியா பிழையா என்று பார்க்கத்தான் வழக்கு. வென்றால் அனுப்பமாட்டார்கள். தோற்றால் கிளிநொச்சிக்கு, எங்களிடம்.

தீர்ப்புக்கு முதல்நாள் அம்மா ஃபோனில் வந்தார்.

"அப்பான்ர புட்டு கல்லு மாதிரி அம்மா. அதை நீதவானுக்குக் காட்டினா உங்களை இண்டைக்கே அனுப்பிப்போடுவார்," என்றான் சின்னவன்.

மூத்தவள் அவன் தொடையில் கிள்ளினாள். "வாயை மூடடா."

"ஏன்? அம்மா தோக்கவேணும் எண்டுதானே பிள்ளையாரிட்டைக் கேட்டனாங்கள்?"

அம்மா "நானும் ஒருநாள் அப்பிடிக் கேட்டனான், குஞ்சு," என்றார். என்னிடம், "இஞ்சாருங்கோ, அதுகளை ஏசாதேங்கோ," என்றார்.

நான் எங்கே ஏசுவது? அதே பிள்ளையாரிடம் நான் கேட்டதும் அதுதான்.

மறுநாள் பின்னேரம் மறுபடி அழைத்தார். உத்தரவு பிழை என்று நீதிபதி தள்ளிவிட்டாராம். ஆனால் அங்கே இருக்கலாம் என்றும் சொல்லவில்லை. அது அவருடைய வேலை இல்லையாம். முதலிலிருந்து திரும்ப விசாரியுங்கள் என்று மட்டும்தான் அவர் சொல்லலாமாம்.

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"லோயருக்கும் தெரியேல்லையாம். அதுவரைக்கும் உங்களை இஞ்சை கூப்பிடவும் ஏலாது, நான் வரவும் ஏலாது."

"நீர் பத்திரமா இருக்கிறீர். அது காணும்," என்றேன்.

பொய்யில்லை. ஆனால் போதாது.

நீங்கள் ரியூசனுக்குப் போன பிறகு, கொட்டிலில் சாத்தியிருந்த அம்மாவின் சைக்கிளை வெளியே எடுத்தேன். இரண்டு ரயருக்கும் காற்று அடித்தேன். சீற் அம்மாவின் உயரத்தில்தான் இருந்தது. உயர்த்தவில்லை. முழங்கால் ஹாண்டிலில் இடிக்க இடிக்க, இரணைமடு வாய்க்கால் கரையில் கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் சாத்தினேன்.